மடியில் ரிவோல்வர், வண்டியில் நோபலின் சொத்து

நோபல் பரிசு எண்டால் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காசை 26 வயதுப் பொடியன் ஒருத்தன் குதிரை வண்டியில ஏத்திக் காப்பாற்றின கதை பலருக்குத் தெரியாது.

அல்பிரட் நோபல் 1896 டிசெம்பர் 10 அன்று இத்தாலியின் சான் ரெமோவில் இறந்தார். பிள்ளைகள் இல்லை. சட்டத்தரணி உதவியின்றி அவரே எழுதிய மரணசாசனம் 1895 நவம்பர் 27 திகதியிடப்பட்டது. சொத்தைப் பணமாக்கி, பாதுகாப்பாக முதலிட்டு, வட்டியைப் பரிசுகளாகக் கொடுக்க வேண்டும் என்றது அது. நிறைவேற்றுநர்கள் இருவர்: உதவியாளர் ரக்னர் சோல்மன், பொறியியலாளர் ருடோல்ப் லில்யெக்விஸ்ட். சோல்மனுக்குச் சட்டம் தெரியாது.

சாசனம் வெறும் கடதாசிதான். சொத்தோ பல நாடுகளில் சிதறிக் கிடந்தது. ஒன்பது வயதில் ஸ்டொக்ஹோமை விட்டுப் போன நோபல் எந்த நாட்டவராகக் கணக்கில் வருவார்? பாரிசிலும் அவருக்கு வீடு இருந்தது. வழக்கு பிரெஞ்சு நீதிமன்றத்துக்குப் போனால் சாசனமே செல்லாமல் போகலாம். உறவினர்கள் சொத்தை முடக்கிவிடவும் வழி இருந்தது.

அதனால் சோல்மன் முந்திக்கொண்டார். பாரிஸ் வங்கியில் இருந்த பத்திரங்களை எடுத்து, குதிரை வண்டியில் சுவீடன் துணைத் தூதரகத்துக்குக் கொண்டுபோனார். கள்ளர் வந்தால் சுட, குண்டு நிரப்பிய ரிவோல்வர் கையோடு இருந்தது. அங்கே பெட்டிகளில் கட்டி, லண்டனுக்கும் ஸ்டொக்ஹோமுக்கும் ரயிலில் அனுப்பினார். ஒரு நாளைக்கு 25 இலட்சம் பிராங்குக்கு மேல் காப்புறுதி கிடைக்காததால், வேலை பல நாள் இழுபட்டது.

இது களவில்லையா எண்டு கேட்கலாம். உறவினர்களுக்கு அப்படித்தான் பட்டிருக்கும். ஆனால் கையில எடுக்கிறது வேற, சொந்தமாக்கிறது வேற. செத்தவர் திரும்பி வந்து தன் பக்கத்தைச் சொல்ல ஏலாது. சொத்தை ஒருத்தர் உடனே பொறுப்பெடுக்காட்டி, சாசனத்தில என்ன எழுதியிருந்தும் பிரயோசனமில்லை.

இதை விளங்கிக்கொண்டவர் நோபலின் அண்ணன் மகன் எமானுவல். ரஷ்ய மொழியில் நிறைவேற்றுநரைக் குறிக்கும் சொல்லுக்கு ‘ஆன்மாவின் பிரதிநிதி’ என்று பொருள் என அவர் சோல்மனுக்குச் சொன்னார். சுவீடன் அரசர் இரண்டாம் ஒஸ்கார் நெருக்கியும் சாசனத்தை எதிர்க்க மறுத்தார். 1898இல் உறவினர்களோடு சமரசம் ஏற்பட்டது. 1901இல் முதல் பரிசுகள் வழங்கப்பட்டன.

ஏறத்தாழ 3 கோடி 10 இலட்சம் குரோனர் அந்தப் பொடியன்ர பொறுப்பில இருந்தது. அதைத் தன்னுடையதெண்டு அவன் நினைக்கேல்லை. அதுதான் நிறைவேற்றுநரின் வேலை.