மருந்துக்குப் பழகும் கிருமியும் மறைந்து வாழும் மனிதரும்



சர்க்கரை நோயைப் பற்றியும் காசநோயைப் பற்றியும் நாம் வெளிப்படையாகப் பேசுகிறோம். ஆனால் எச்.ஐ.வி. என்ற சொல் வந்தவுடன் நம் குரல் தாழ்ந்துவிடுகிறது. இக்கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழகத்தில்தான். அது மருந்துகளை எதிர்த்து நிற்கும் ஆற்றலைப் பெறுவது குறித்த ஆய்வுகள் சிலவும் சென்னையிலிருந்தே வெளிவந்தன. இவ்வரலாற்றை அறிந்தால், நமது மௌனம் யாருக்கு உதவுகிறது என்பதும் விளங்கும்.

1986 ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் முதுநிலை மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம் ஓர் ஆய்வுத் தலைப்பை முன்வைத்தார். தமிழகத்தில் இக்கிருமி உள்ளதா எனப் பரிசோதிக்க வேண்டும் என்பதே அது. இது மேலைநாட்டு நோய், நம் நாட்டுக்கு வராது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. நிர்மலாவுக்கு அப்போது வயது 32. முதலில் தயங்கிய அவரை அவருடைய கணவரே ஊக்கப்படுத்தினார். போதிய பாதுகாப்புச் சாதனங்கள் இன்றி இரத்த மாதிரிகளைத் திரட்டிய அவர், உரிய வசதி கிடைக்காததால் அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே வைத்துக் காத்தார்.

பரிசோதனைக் கருவி சென்னையில் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. நிர்மலாவும் அவர் கணவரும் மாதிரிகளைச் சுமந்துகொண்டு இரவு இரயிலில் காட்பாடிக்குப் புறப்பட்டனர். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜான் தலைமையிலான ஆய்வகத்தில் நடந்த சோதனையில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அம்முடிவை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு மே மாதத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் இதனை அறிவித்தார். நாடு அதிர்ந்தது, நம்ப மறுத்தவர்களும் இருந்தனர்.

நிர்மலா தம் ஆய்வேட்டை முடித்து வேறு பணிக்குச் சென்றார். சுனிதி சாலமனோ அந்நோயாளிகளை விட்டு விலகவில்லை. 1993 இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். நோயாளிகளைத் தொடவே பலரும் அஞ்சிய நாட்களில், அவர்களுடன் அமர்ந்து பேசினார். அந்நிறுவனத்துக்கு வந்த பெண்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2000 ஆம் ஆண்டில் வெளியானது. கணவர் ஒருவரைத் தவிர வேறு ஆணை அறியாத பெண்களே அவர்களில் பெரும்பாலோர் என்ற செய்தி அதில் இருந்தது. நோயாளி என்றாலே பாவி என்று தீர்ப்பெழுதும் நாவுகள் இச்செய்தியின் முன் அடங்க வேண்டும்.

இனி, கிருமி மருந்தை வெல்லும் விதத்தைக் காண்போம்.

பழங்காலத்தில் நூல்களைக் கையால் படியெடுத்தார்கள். படியெடுத்ததை மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்த ஓர் ஆசிரியர் இருப்பார். எச்.ஐ.வி. தன்னைப் படியெடுக்கும்போது ஒப்புநோக்குவதற்கு எவரும் இல்லை. அதன் நொதி பிழை செய்துகொண்டே போகிறது. சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் ஒரே நாளில் பல நூறு கோடிக் கிருமிகள் பிறக்கின்றன. அவற்றின் பிழைகளுள் பெரும்பாலானவை கிருமிக்கே கேடு. அரிதாக ஒரு பிழை மட்டும் மருந்தின் பிடியிலிருந்து அதனைத் தப்பவைக்கிறது. மருந்து மற்றவற்றை அழிக்க, தப்பிய அந்த ஒன்று பெருகிவிடுகிறது.

1987 இல் வந்த முதல் மருந்தான ஏ.இசட்.டி.க்கு நேர்ந்தது இதுவே. 1989 இல் அதனை எதிர்க்கும் கிருமிகள் கண்டறியப்பட்டன. தனி மருந்து தோற்றுவிடும் என்பதை அறிவியலாளர் உணர்ந்தனர். 1996 அளவில், மூன்று மருந்துகளை ஒருசேரத் தரும் கூட்டு மருந்து சிகிச்சை பரவலாயிற்று. மூன்றையும் ஒரே நேரத்தில் வெல்லும் பிழை கிருமிக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

ஆனால் அச்சிகிச்சைக்கு ஓர் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவாயிற்று. ஏழை நாடுகள் கைபிசைந்து நின்ற நிலையில், 2001 இல் மும்பையின் சிப்லா நிறுவனத்தைச் சேர்ந்த யூசுஃப் ஹமீத், அதே சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தார். அந்நிறுவனத்தை 1935 இல் நிறுவியவர் அவருடைய தந்தை குவாஜா அப்துல் ஹமீத். மூன்று மருந்துகளும் ஒரே மாத்திரையில் அடங்கின. 2004 ஏப்ரல் முதல் நாள் இந்திய அரசு இலவசமாகக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கியது. முதலில் வழங்கிய மருத்துவமனைகளுள் நமது தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று.

மருந்து எளிதாகக் கிடைத்தபின் அடுத்த கேள்வி எழுந்தது. கிருமி இதற்கும் பழகிவிடுமா? ஒய்.ஆர்.ஜி. கேர் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தாருடனும் இணைந்து இதனை ஆராய்ந்தனர். உலகின் தொடக்க ஆய்வுகள் பெரும்பாலும் மேலைநாடுகளில் மிகுந்த பி வகைக் கிருமியைப் பற்றியவை. இந்தியாவில் மிகுந்திருப்பதோ சி வகை. ஆகவே நம் மண்ணின் நோயாளிகளை இங்கேயே ஆராய்வது இன்றியமையாததாயிற்று. முதல்நிலை மருந்து பயனளிக்காமற்போனவர்களின் கிருமிகளில், மருந்தை எதிர்க்கும் மாற்றங்கள் மிகுதியாக இருப்பதை 2009 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இரத்தத்தில் கிருமியின் அளவை நேரடியாகச் சோதிக்காமல் விட்டால், தோல்வி வெளியே தெரிவதற்குள் மாற்றங்கள் குவிந்துவிடும். அடுத்தகட்ட மருந்துகளும் வலுவிழக்கும். கிருமியின் அளவைக் காணும் அச்சோதனை இன்று அரசு சிகிச்சையின் ஓர் அங்கமாகிவிட்டது.

இந்த எதிர்ப்பாற்றல் உருவாக முக்கியக் காரணம், மருந்து விட்டுவிட்டு உண்ணப்படுவதே. மாத்திரையை நிறுத்தினால் மூன்று மருந்துகளும் ஒரே வேகத்தில் உடலைவிட்டு நீங்குவதில்லை. நெவிரபின், எஃபாவிரென்ஸ் போன்றவை சில நாட்கள் தங்கிவிடும். மற்றவை முன்பே நீங்கிவிடும். அந்நாட்களில் கிருமி ஒரே ஒரு மருந்தை மட்டும் எதிர்கொள்கிறது. தனி மருந்தை வெல்ல அதற்குத் தெரியும். இந்த இரு மருந்துகளையும் முறியடிக்க ஒரே ஒரு மாற்றமே அதற்குப் போதும்.

ஒருவர் ஏன் மாத்திரையை விடுகிறார்? எங்கள் நாட்றாம்பாளையம் போன்ற மலைப்பகுதி ஊர்களிலிருந்து ஓசூர் ஆலைகளுக்குச் சென்று, அறையெடுத்துப் பலரோடு தங்கும் இளைஞரை எண்ணிப் பாருங்கள். இரவுப் பணியும் பகற்பணியும் மாறி மாறி வரும். அறைத் தோழர் முன் மாத்திரைப் புட்டியைத் திறக்க அவர் நாணுகிறார். மருந்து வாங்கும் நாளில் விடுப்புக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே என அஞ்சுகிறார். புகுந்த வீட்டில் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கும் பெண்ணின் நிலையும் இதுவே. அவர்கள் தவறவிடும் ஒவ்வொரு வேளையும் கிருமிக்கு ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பை உண்டாக்கியதில் நம் ஏளனத்துக்கும் பங்குண்டு.

நோயை இறக்கிய அல்லாஹ்வே அதற்குரிய மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த நம்பிக்கை. அளவில் சிறிதானாலும் இடைவிடாது செய்யப்படும் அமலே அவனுக்கு உவப்பானது என்பதும் அவர்கள் காட்டிய வழி. நாள்தோறும் ஒரு மாத்திரையைத் தவறாமல் உண்பவருக்கு இவ்வழி நன்கு பொருந்தும். ரமளானிலும் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. நாளுக்கு ஒருமுறை உண்ணும் மாத்திரையை நோன்பு திறந்தபின் இரவில் உண்ண இயலுமா என மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். உடல் தாங்காதவருக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது.

ஒரே சஹனில் உண்பதாலோ, முஸாஃபஹா செய்வதாலோ, பள்ளிவாசலின் ஹவ்ளில் ஒளூ செய்வதாலோ இந்நோய் பரவாது. மருந்தை முறையாக உண்டு, கிருமி சோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்து அந்நிலையிலேயே நீடித்தால், தாம்பத்திய உறவின் வழியே அது வாழ்க்கைத் துணைக்குத் தொற்றுவதில்லை. கர்ப்பிணித் தாய் தொடர்ந்து மருந்துண்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பும் மிகமிகக் குறைவு. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் சோதனை இலவசம். விவரம் இரகசியமாகக் காக்கப்படும். 1097 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். வேலையிலும் கல்வியிலும் இவர்களைப் பாகுபடுத்துவதைத் தடுக்கும் சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

சுனிதி சாலமன் 2015 ஜூலை 28 அன்று காலமானார். 2017 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பிறர் ஒதுக்கியவர்களின் அருகில் அமர்ந்து அவர் தொண்டாற்றினார். நம் மஹல்லாவில் ஒருவர் அச்சமின்றித் தம் மாத்திரையை உண்ணும் சூழலை நாம் உருவாக்கினால், நாமும் அத்தொண்டில் பங்கேற்றவராவோம். பிறர் குறையை மறைப்பவரின் குறையை இறைவன் மறைப்பான் என்பதை நாம் அறிவோம். அறிந்த இரகசியத்தைக் காப்பதும், மருந்து வாங்கச் செல்பவருக்கு வழித்துணையாவதும் நம்மால் இயலாதவை அல்ல.

வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், நமக்கு இரக்கமுள்ள உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.