உடல்வெப்பம் தணிக்கும் மருத்துவக் கருவிகள்

நோயாளியின் உடலின் உள்வெப்பத்தைக் குறைத்து, மருத்துவர் குறித்த அளவிலேயே மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ நிறுத்திவைக்கும் சாதனங்கள் இவை. இதயத்துடிப்பு நின்று மீட்கப்பட்டும் நினைவு திரும்பாதவர்கள், வெயிலில் சுருண்டு விழுந்தவர்கள், பிறந்ததும் அழாத குழந்தைகள் ஆகியோருக்கே பெரும்பாலும் பயன்படுகின்றன. வெறுமனே குளிரவைக்க ஐஸ்கட்டியே போதும். ஆனால் ஐஸுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. 33 டிகிரி செல்சியஸில் நிறுத்த நினைத்தால் 31-க்கு இறங்கிவிடும். அந்த இரண்டு டிகிரியைக் காப்பதற்குத்தான் கருவி தேவைப்படுகிறது.

மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் உடலின் வெப்பத்தை 37 டிகிரியை ஒட்டி வைத்திருக்கிறது. காய்ச்சலில் அது தன் இலக்கையே உயர்த்திக்கொள்கிறது. அந்த இலக்கை இறக்குவது பாராசிட்டமாலின் வேலை. ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத்தாக்கில் இலக்கு மாறுவதில்லை. வெப்பத்தை வெளியேற்றும் வழிகள்தான் தோற்றுப்போகின்றன. எனவே அங்கே மாத்திரை பலிக்காது. உடலை நேரடியாகக் குளிர்விக்க வேண்டும். உடல்வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை 6 முதல் 7 சதவீதம் குறையும். மூளையைக் காக்கக் குளிர்விக்கலாம் என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது.

1938-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் ஃபே என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் புற்றுநோயாளிகளை ஐஸால் குளிர்வித்துப் பார்த்தார். பின்னர் நாஜிகள் டாக்கௌ வதைமுகாமில் கைதிகளைப் பனிநீரில் அமிழ்த்தி நடத்திய கொடுமைகள் இந்தத் துறைக்கே கறையாயின. 1952 செப்டம்பர் 2 அன்று மினியாபோலிஸில் ஜான் லூயிஸ் என்ற அறுவை மருத்துவர் ஐந்து வயதுச் சிறுமியைக் குளிர்போர்வையில் சுற்றிச் சுமார் 28 டிகிரிக்கு இறக்கி, இதயத்தைத் திறந்து உள்ளே இருந்த துளையை அடைத்தார். இதய-நுரையீரல் இயந்திரம் வந்தபின் குளிர்விப்பு தனி உத்தியாக இல்லாமல் அதற்குத் துணையாகிவிட்டது.

இன்றைய கருவிகளில் பரவலானது நீர்ப்போர்வை. பெட்டி போன்ற இயந்திரம் நீரைக் குளிர்வித்தோ சூடாக்கியோ போர்வைக்குள் சுற்றவிடும். மலக்குடல், உணவுக்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் ஒன்றில் செருகிய உணரி உள்வெப்பத்தைச் சொல்லிக்கொண்டே இருக்க, இயந்திரம் அதற்கேற்ப நீரின் வெப்பத்தை மாற்றும். தோலோடு ஒட்டும் ஜெல் பட்டைகள் இதன் மேம்பட்ட வடிவம். அவற்றில் நீரைத் தள்ளாமல் உறிஞ்சியே ஓட்டுவதால், பட்டை கிழிந்தாலும் படுக்கை நனையாது. மூன்றாவது வகை, தொடையின் பெரிய சிரையில் செருகும் குழாய். அதன் பலூன்களுக்குள் குளிர்ந்த சலைன் சுழலும்; ரத்தத்தில் கலக்காது. வேகமும் துல்லியமும் இதில்தான் அதிகம். ரத்தக்கட்டு, தொற்று ஆகிய ஆபத்துகளும் கூடவே வரும்.

எந்தக் கருவியானாலும் அதன் முதல் எதிரி நடுக்கம். குளிரும் உடல் நடுங்கி வெப்பத்தை உண்டாக்கும்; இயந்திரம் இழுக்க, உடல் எதிர்த்து இழுக்கும். மயக்க மருந்தும் மெக்னீசியமும் கொடுத்து இதை அடக்குவார்கள். குளிர்விக்கும்போது பொட்டாசியம் குறையும், இதயம் மெதுவாகும், ரத்தம் உறைவது தாமதமாகும். திரும்பச் சூடேற்றும்போது அவசரம் கூடாது: குழந்தைகளுக்கு மணிக்கு அரை டிகிரி என்பது வழக்கம்.

ஹஜ் பயணிகளுக்காக மெக்காவில் பயன்பட்ட படுக்கை இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. 1980-இல் வெய்னர், கோகலி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட வடிவம் அது. வலைப்படுக்கையில் கிடத்திய நோயாளிமேல் 15 டிகிரி நீரைத் துளித்துளியாகத் தெளித்து, 45 டிகிரி வெப்பக் காற்றை வீசுவார்கள். வெயிலில் விழுந்தவருக்குச் சூடான காற்றா என்று தோன்றும். தோல் குளிர்ந்துபோனால் அதிலுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி, வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். தோலை இளஞ்சூட்டில் வைத்து நீரை ஆவியாக்கினால் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஐஸ் நீரில் அமிழ்த்துவது இதைவிட வேகமானது. இளவயது விளையாட்டு வீரர்களுக்கு அதுவே முதல் தேர்வு.

இதயத்துடிப்பு நின்று மீண்டவர்களில் நிலை தலைகீழாகியிருக்கிறது. ஐரோப்பாவிலும் மெல்போர்னிலும் நடந்து 2002-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் 32 முதல் 34 டிகிரி வரை குளிர்விப்பது நன்மை தரும் என்றன. மெல்போர்னில் பயன்பட்டவை வெறும் ஐஸ் பொதிகள். 2013-இல் வெளியான ஆய்வில் 33 டிகிரிக்கும் 36 டிகிரிக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2021-இல் சுமார் 1,900 பேரிடம் 33 டிகிரியை, காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வதோடு ஒப்பிட்டபோதும் அதே முடிவு. இன்று இந்த நோயாளிகளிடம் விலையுயர்ந்த குளிர்விப்பான்கள் பெரும்பாலும் செய்வது காய்ச்சலைத் தடுப்பதுதான்.

பச்சிளங்குழந்தைகளின் கதை வேறு. பிரசவத்தில் ஆக்சிஜன் கிடைக்காமல் மூளை பாதிக்கப்பட்ட நிறைமாதக் குழந்தையை ஆறு மணி நேரத்துக்குள் 33.5 டிகிரிக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்திருந்தால் இறப்பும் ஊனமும் குறைகின்றன. 2005 முதல் வந்த பெரிய ஆய்வுகள் இதை வசதியுள்ள நாடுகளில் நிறுவின. தலையை மட்டும் குளிர்விக்கும் நீர்த்தொப்பி 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடல் முழுவதையும் குளிர்விக்கும் மெத்தைகள் பின்னர் அதை ஓரங்கட்டின.

இந்தக் கருவிகளின் விலை இந்திய மருத்துவமனைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் முதலில் உறையவைத்த ஜெல் பொதிகளை வைத்துப் பார்த்தார்கள். பிறகு அக்கல்லூரியோடு சேர்ந்து பிளஸ் (Pluss) நிறுவனம் மிராக்கிரேடில் என்ற தொட்டிலை உருவாக்கியது. அதன் அடியில் 21, 29 டிகிரியில் உருகும் பொருள்கள் இருக்கின்றன. உருகும்போது அவை குழந்தையின் வெப்பத்தை உறிஞ்சும். அப்போது அவற்றின் வெப்பநிலை ஏறாது. எனவே தொடர்ந்து மின்சாரம் தேவையில்லை. தானாகத் திருத்திக்கொள்ளும் இயந்திரம் இல்லாததால், செவிலியர்தான் அளவுகளைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

2021-இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வு பலரையும் திடுக்கிட வைத்தது. சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் அது நடந்தது. பயன்பட்டது மலிவுத் தொட்டில் அல்ல, தானியங்கி இயந்திரம்தான். அப்படியும் குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேரும் மற்றவர்களில் 31 சதவீதம் பேரும் இறந்தார்கள். ஆய்வாளர்கள், இத்தகைய நாடுகளில் இச்சிகிச்சையைத் தர வேண்டாம் என்றனர். வேறு இடங்களில் பிறந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகள் பலர் இருந்ததையும், மூளைப் பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பதையும் மற்றவர்கள் சுட்டினர். இந்திய மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

இருக்கும் ஆதாரங்களை வைத்துப் பார்த்தால், ஆறு மணி நேரத்துக்குள் குழந்தை வந்துசேராத, இரவிலும் பகலிலும் அருகிருந்து பார்க்கச் செவிலியரும் வென்டிலேட்டரும் இல்லாத மருத்துவமனை இந்தக் கருவியை வாங்காமல் இருப்பதே நல்லது.