கிள்ளான் கரையில் கொடுவா

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனையிலிருந்து எழுதுவோர் உண்டு. ஆவணக் காப்பகத்திலிருந்து எழுதுவோரும் உண்டு. ஆற்றங்கரையில் தூண்டிலோடு அமர்ந்திருக்கும் மனிதனின் பக்கத்திலிருந்து அதனை எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும், ஆறு தெளிந்ததையும் கலங்கியதையும், மீன் வந்ததையும் வாராதொழிந்ததையும் முதலில் அறிந்தவன் அவனே. கோலாலம்பூரும் கிள்ளான் பள்ளத்தாக்கும் வளர்ந்த கதையை அவன் கண்கொண்டு நோக்குவோமாயின், நாமறிந்த வரலாறே வேறொரு முகம் காட்டுவதைக் காணலாம்.

தமிழர்க்குத் தூண்டில் புதியதன்று. அகநானூற்று மருதப் பாடலொன்று, இரும்பு முள்ளை இரையோடு விழுங்கிய வரால் மீன், கயிற்றில் பிணிப்புண்ட சினக்காளை போலக் குளத்தைக் கலக்கும் காட்சியை நம் கண்முன் நிறுத்துகிறது. அப்பாடலைப் பாடிய இனத்தின் வழிவந்தோர் கடல் கடந்து மலாயா வந்தபோது மண்வெட்டியையும் பால்வாளியையும் ஏந்தினர். தண்டவாளக் கட்டைகளைத் தோளில் சுமந்தனர். ஓய்வு கிடைத்த அந்திப் பொழுதுகளில் அவர்கள் கண்முன் ஓடியது கிள்ளான் ஆறு.

ஆறும் வெள்ளீயமும்

ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுள்ள கிள்ளான் ஆறு, கோலாலம்பூருக்கு வடகிழக்கே மலைத்தொடரில் தோன்றி, நகரின் நடுவே கோம்பாக் ஆற்றோடு கலந்து, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாகச் சென்று, கிள்ளான் நகரைக் கடந்து மலாக்கா நீரிணையில் சேர்கிறது. 1857ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர் இந்த ஆற்றின் வழியாகவே படகேறி வந்து, ஆறுகள் கூடுமிடத்தில் இறங்கி, அம்பாங் காட்டுக்குள் வெள்ளீயம் தேடிச் சென்றனர். காய்ச்சல் அவர்களுள் பெரும்பாலோரை மாய்த்தது. எனினும் வெள்ளீயம் கிடைத்தது, நகரம் பிறந்தது.

வெள்ளீயம் நகருக்கு வாழ்வளித்தது. ஆற்றுக்கோ அது நோயாயிற்று. மண்ணை நீரால் கரைத்துக் கனிமத்தைப் பிரித்தெடுப்பதே அத்தொழிலின் முறை. கழிவாக எஞ்சிய மணலும் களியும் ஓடைகளின் வழியே ஆற்றில் சேர்ந்தன. ஆற்றின் படுகை உயர்ந்தது; வெள்ளம் கரை புரண்டது. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து நகரை அழித்தபின், கட்டடங்கள் செங்கல்லால் எழ வேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதன்பொருட்டுச் சூளைகள் எரிந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் பெற்றது. பின்னர் இரயில்வே பணிமனைகளும் குடியிருப்புகளும் அங்கெழுந்தன. தமிழ்நாட்டுத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் அங்கே அண்டை வீட்டாராயினர். 1926ஆம் ஆண்டிலும் 1971ஆம் ஆண்டிலும் நேர்ந்த பெருவெள்ளங்களை நகரம் இன்றும் மறக்கவில்லை.

1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அண்மையிலுள்ள புக்கிட் கூடா வரை இரயில் பாதை திறக்கப்பட்டது. 1901இல் ஆற்றின் முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பெற்றது. சதுப்பு நிலத்துக் கொசுக்கள் அதனை மூடச் செய்யும் அளவுக்கு மலேரியா பரவியது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்புகளை வடித்து நோயை அடக்கினார். அத்துறைமுகமே 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என வழங்குகிறது. பிரிக்பீல்ட்ஸில் இரயிலேறினால் கடலோரத்தில் இறங்கலாம் என்ற நிலை இவ்வாறு உண்டாயிற்று. கையில் மூங்கிற் கழியும் தோளில் பையுமாகச் செல்பவனுக்கு அப்பாதை ஒரு வரமேயாகும்.

கொடுவாவின் இருவேறு உலகம்

அந்தக் கடலோரத்தில் அவன் தேடிச் சென்ற மீன்கள் பல. கெளுத்தியும் கத்தாளையும் காலாவும் அவனுக்குக் குழம்பு தந்தன. ஆயினும் அவன் உள்ளத்தைக் கவர்ந்தது ஒன்றே. தமிழகத்திலும் ஈழத்திலும் கொடுவா எனவும், மலாய்க்காரரிடையே சியாக்காப் எனவும் வழங்கும் மீனே அது. 1790இல் புளோக் என்னும் செருமானிய அறிஞர் அதனை அறிவியல் நூலில் பதிவு செய்தார். பாரசீக வளைகுடா முதல் வட ஆஸ்திரேலியா வரை அது வாழ்கிறது. 50 கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள கொடுவாவும் உண்டு.

இம்மீனின் வாழ்க்கை வியப்புக்குரியது. குஞ்சுகள் கண்டல் காடுகளிலும் கழிமுகச் சேற்று ஓடைகளிலும் வளர்கின்றன. அவற்றுட் பல ஆற்றை எதிர்த்து நன்னீருக்கு ஏறுகின்றன. பருவம் எய்தியவை முட்டையிடுவதற்கு உப்பு நீரை நோக்கி இறங்குகின்றன. உப்பு நீரின்றி அதன் முட்டை பொரியாது. ஆற்று வழி அடைபட்டாலோ நன்னீருக்கேறும் குஞ்சுகளின் வளர்ச்சி தடைபடும். ஆறும் கடலும் ஒன்றையொன்று அறிந்து வாழுமிடத்திலேயே கொடுவா செழிக்கும்.

இன்னுமொரு புதுமை உண்டு. கொடுவா முதலில் ஆணாக முதிர்கிறது. சில ஆண்டுகள் கழிந்தபின், பெரும்பாலும் ஆறேழு வயதளவில், பெண்ணாக மாறுகிறது. ஆகவே, தூண்டிற்காரன் புகைப்படத்துக்காகத் தூக்கிப் பிடிக்கும் மிகப் பெரிய மீன் ஏறத்தாழ எப்போதும் ஒரு தாயேயாகும். அதனைக் கூடையில் இடுபவன் ஒரு மீனை மட்டும் எடுத்துச் செல்வதில்லை. இலட்சக்கணக்கான முட்டைகளையும் எடுத்துச் செல்கிறான்.

மூங்கிலிலிருந்து கரிமநார் வரை

கொடுவாவின் வாயில் கடித்தறுக்கும் பற்கள் இல்லை. ஆனால் அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்திபோற் கூரியது. தூண்டில் பட்டதும் அது நீருக்கு மேல் துள்ளித் தலையை இருபுறமும் உதறும். மெல்லிய நரம்பாயின் அக்கணமே அறுந்துபோகும். ஆகவே, முள்ளுக்கு மேலே ஒரு முழமேனும் தடித்த நரம்பைக் கோத்தல் வேண்டும் என்பது இக்கரையில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு.

முற்காலத்துக் கருவிகள் எளியவை: மூங்கிற் கழி, பருத்தி நூல், துருவேறும் இரும்பு முள், ஈயக் குண்டு, மரத்தக்கை. பருத்தி நூல் நனைந்தால் ஊறும், உலர்த்தாவிடில் மட்கும். 1938இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் நைலானை உலகுக்கு அறிவித்தது. போருக்குப்பின் மலாய்க்காரர் தங்சி என்றழைக்கும் நைலான் நரம்பு கடைத்தெருக்களை அடைந்தது. ஏழைத் தூண்டிற்காரனுக்கு அறிவியல் அளித்த கொடைகளுள் அதனினும் பயன்மிக்கது வேறில்லை எனலாம். ஊறாத, மட்காத, மீன் கண்ணுக்குப் புலப்படாத நரம்பு அவன் கைக்கு எட்டியது.

பின்னர் மூங்கிலின் இடத்தைக் கண்ணாடி நார்க் கழி பற்றியது. 1970களில் கரிமநார்க் கழி பிறந்தது. கையால் சுற்றிய நரம்பை, 'மெசின்' என்று இங்கு வழங்கும் சுழலுருளை சுற்றலாயிற்று. கரையில் நிற்பவனுக்கு இதனால் விளைந்த பயன் பெரிது. மூங்கிற் கழி எட்டிய தொலைவு அதன் நீளமும் நரம்பின் நீளமுமே. உருளையோ இரையை அறுபது எழுபது மீட்டர் தொலைவுக்கு அனுப்பியது. படகில்லாதவனும் ஆழநீரைத் தொட்டான்.

இரைத் தேர்விலும் ஒரு நுட்பம் உண்டு. உயிருள்ள இறாலே கொடுவாவுக்கு முதல் விருந்து. அதன் தலைக்கொம்புக்குக் கீழே, கருநிறமாகத் தெரியும் மூளைப் பகுதியைத் தொடாமல் முள்ளைச் செருகினால், இறால் நெடுநேரம் உயிரோடு துடிக்கும். மூளையைத் துளைத்தால் உடனே சாகும். நீரோட்டம் மெதுவாக உள்ளபோது தக்கையில் இறாலை மிதக்கவிடுவதும், ஓட்டம் விரைந்தபோது ஓடுகுண்டு கோத்து அடியில் கிடத்துவதும் வழக்கம். பின்லாந்தின் லௌரி ரப்பாலா 1936இல் தக்கையைச் செதுக்கிச் செய்த பொய்மீனின் வழிவந்த செயற்கை இரைகளும் பிற்காலத்தில் இக்கரைக்கு வந்து சேர்ந்தன.

நிலவும் நீரும் மழையும்

கிள்ளான் கரையில் நாட்காட்டியைவிட நிலவே முதன்மையானது. முழுநிலவையும் மறைநிலவையும் ஒட்டிய நாட்களில் இங்கு நீரேற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நான்கு மீட்டருக்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டாகும். காலையில் அலையடித்த இடம் நண்பகலில் சேற்றுவெளியாகக் கிடக்கும். அரைநிலவு நாட்களின் அசைவற்ற நீரை மலாய்க்காரர் 'ஆயர் மாத்தி', அதாவது செத்த நீர் என்பர். அந்நாட்களில் தேர்ந்த தூண்டிற்காரன் வீட்டில் இருந்து முட்களைத் தீட்டுவான். நீர் ஏறத் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரமும், வற்றத் தொடங்கி ஓடைகளிலிருந்து சிறுமீனும் இறாலும் வெளிப்படும் நேரமும் கொடுவா வேட்டையாடும் பொழுதுகள். விடியலும் அந்தியும் அவற்றோடு பொருந்தினால் நற்பேறு.

மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்திரா அரணாக நிற்பதால், கிழக்குக் கரையை அலைக்கழிக்கும் வடகிழக்குப் பருவக்காற்று இங்கு அவ்வளவு கொடுமை செய்வதில்லை. மே முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் திடீரெனப் பாயும் 'சுமத்திரா' புயற்காற்றே அஞ்சத்தக்கது. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் பள்ளத்தாக்கில் மழை மிகும். ஆறு செந்நீராகி இறங்கும் நாட்களில், தெளிந்த கடல்நீரும் கலங்கிய ஆற்றுநீரும் சந்திக்கும் கோட்டருகே மீன் காத்திருக்கும். அந்தக் கோட்டைக் கண்ணால் கண்டறிவதே கரைத் தூண்டிலின் உயர்ந்த கல்வி.

ஈயக் குட்டையில் புதுக்குடி

ஆற்றின் மேற்பகுதியில் கதை வேறு திசையில் சென்றது. ஈயமண்ணோடு, தோட்டங்களின் இரப்பர், எண்ணெய்ப்பனை ஆலைக் கழிவுகளும் நாட்டின் ஆறுகளில் கலந்தன. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1977இல் எண்ணெய்ப்பனை ஆலைகளுக்கென வந்த விதிகளும் அதற்கு எழுந்த மறுமொழி. ஆனால் நகரின் சாக்கடை நின்றபாடில்லை. பிரிக்பீல்ட்ஸ் ஓரத்தில் ஆறு கற்காரைச் சுவர்களுக்கிடையே ஓடும் கால்வாயாயிற்று. குப்பையையும் பாசியையும் தின்று வாழும் தென்னமெரிக்கக் கவச மீன் ஒன்றுக்கு மக்கள் 'இக்கான் பண்டாராயா', அதாவது மாநகராண்மை மீன் என்று பெயரிட்டனர். அப்பெயரில் உள்ள எள்ளலே ஆற்றின் நிலைக்குச் சான்று.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈயப் பேரவை கடனில் மூழ்கியதும் ஈய விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன. பூச்சோங், சுபாங், சுங்கை பீசி வட்டாரங்களில் ஆழ்ந்த பச்சை நீர்க் குட்டைகள் மிஞ்சின. அங்கே முன்னரே ஒரு வந்தேறி இருந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சாவகத்திலிருந்து கொணரப்பட்டுப் பசிபோக்கிய திலாப்பியாவே அது. 1990களில் அதன் உறவினமொன்று வந்தது. அமேசான், ஒரினோக்கோ ஆறுகளுக்குரிய 'பீக்காக் பாஸ்' எனும் மயில் மீன், அலங்கார மீன் வாணிகர், தூண்டில் ஆர்வலர் ஆகியோரின் கைவழியாகக் குட்டைகளில் விடப்பட்டது. ஆங்கிலத்தில் 'பாஸ்' என்றாலும் அது கொடுவாவுக்கு உறவன்று. திலாப்பியாவுக்கும் கேரளத்தின் கரிமீனுக்கும் உறவு.

வாலடியில் கண் போன்ற புள்ளியும், பொன்னுடலில் கருங்கோடுகளும் உடைய அம்மீன் பகலில் பார்வையால் வேட்டையாடும், இரவில் ஓயும். தெளிந்த குட்டை நீர் அதற்குப் பொருந்தியது. தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும். அருகே வந்த எதனையும் தாக்கும். அதனாலேயே செயற்கை இரைக்கு எளிதில் அகப்படும். நகரத்து இளைஞர் பலர் சிறுகழியோடு இக்குட்டைக் கரைகளில் தூண்டில் பயின்றனர்.

ஆயினும் மகிழ்ச்சிக்கு விலையுண்டு. 1967இல் பனாமாவின் காத்தூன் ஏரியில் இம்மீன் புகுந்தபின், அங்கிருந்த சிறுமீன் இனங்கள் பல மறைந்தன. அவற்றை உண்டு வாழ்ந்த பறவைகளும் குறைந்தன. 1973இல் வெளிவந்த ஆய்வு இதனை உலகுக்கு உணர்த்தியது. மலேசியாவில் வரால் முதலிய நாட்டுமீன்கள் வாழும் நீர்நிலைகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். ஒரு மீனை நீரில் விடுவது எளிது. திரும்ப அழைப்பது அரிது.

கரை யாருக்கு?

மறுபுறம், குட்டைகளும் நிலைக்கவில்லை. சில பூங்கா ஏரிகளாயின. சில கேளிக்கை நகர்களாயின. பல மண்ணிட்டு நிரப்பப்பட்டு வீடுகளாயின. கடலோரத்தில் கண்டல் காடுகள் துறைமுக மேடைகளுக்கு இடமளித்தன. 2004 சூலையில் உலகக் கப்பல் துறைமுகப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் துறைமுக வேலிகள் உயர்ந்தன. தஞ்சோங் ஹராப்பான் போன்ற சில கரைகளே எளிய மனிதன் கழியூன்றி நிற்கும் இடங்களாக எஞ்சின.

கடைகளில் கொடுவா இன்று தாராளமாகக் கிடைக்கிறது. 1970களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் சொங்க்லாவில் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கச் செய்த வெற்றியின் பயனே அது. ஆனால் கூண்டில் வளர்ந்த மீன் ஆற்றைப் பற்றி நமக்கு எதுவும் சொல்வதில்லை. ஆற்றில் ஏறி வரும் கொடுவாவோ, மலையிலிருந்து கடல் வரை நீர் உயிரோடு இருக்கிறது என்னும் செய்தியைச் சுமந்து வருகிறது. 2011இல் தொடங்கிய 'வாழ்வாறு' திட்டம் கோலாலம்பூரின் ஆற்றங்கரைகளை அழகுபடுத்தியது. கரை அழகுற்றது நன்றே. நீரும் அவ்வாறே தேற வேண்டும்.

தூண்டிற்காரன் அவ்விளக்கொளியில் அமர்ந்திருக்கிறான். அவன் கேட்பது நடைபாதையன்று. நரம்பின் மறுமுனையில் ஓர் இழுப்பையே அவன் கேட்கிறான். அந்த இழுப்பு பிரிக்பீல்ட்ஸ் கரையில் என்று மீளுமோ, அன்றே கிள்ளான் ஆறு மீண்டது என்று வரலாறு எழுதிக்கொள்ளலாம்.