பொசைடோனியன் விடுதி, ஸ்பெட்சஸ்

கிரீஸ் நாட்டில் ஆர்கோலிக் வளைகுடாவின் வாயிலருகே உள்ள ஸ்பெட்சஸ் தீவில், தாப்பியா எனப்படும் துறைக்குச் சற்று மேற்கே கடலைப் பார்த்து நிற்கும் பழைய விடுதி பொசைடோனியன். கடல் தெய்வமான பொசைடனின் பெயரைத் தாங்கிய இது 1914-இல் திறக்கப்பட்டது. ஐந்தாண்டுகள் நடந்த புதுப்பிப்புப் பணிக்குப் பின் 2009-இல் மறுபடியும் விருந்தினரை ஏற்கத் தொடங்கியது. கட்டியவர் அந்தத் தீவிலேயே பிறந்து அமெரிக்காவில் செல்வம் சேர்த்துத் திரும்பிய புகையிலை வணிகர் சோதிரியோஸ் அனர்கிரோஸ். வரைந்தவர் கட்டடக் கலைஞர் பனாயோட்டிஸ் ஸிஸிலாஸ். பயண நூல்கள் பலவும் இதனைப் பிரெஞ்சு ரிவியேராவின் பிரதி என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. முகப்பை மட்டும் பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இக்கட்டடம் எழுந்த காலத்தில் தீவு எந்த நிலையில் இருந்தது, கட்டியவர் இதனோடு வேறு எவற்றையெல்லாம் செய்தார் என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால், கப்பல் தொழிலை இழந்த ஓர் ஊருக்கு மாற்றுப் பிழைப்பு தேடிய பெரிய திட்டத்தின் ஓர் உறுப்பாகவே இதைக் கொள்ள வேண்டியிருக்கிறது.

ஸ்பெட்சஸ் ஏறத்தாழ 22 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு. எதிரே பெலொப்பொனீஸ் கரையில் உள்ள கோஸ்டாவுக்கும் இதற்கும் இடையே குறுகிய நீர்ப்பரப்புதான். பெரிய வேளாண்மைக்கு இடமில்லாத இந்நிலம் மக்களைக் கடலுக்கு அனுப்பியது. 1770-இல் ரஷ்யத் தூண்டுதலில் எழுந்த ஓர்லோவ் கிளர்ச்சி தோற்றபோது தீவு சூறையாடப்பட்டது. ஆயினும் சில ஆண்டுகளிலேயே அது எழுந்துவிட்டது. 1774-இல் ரஷ்யாவுக்கும் ஒட்டோமான் பேரரசுக்கும் இடையே ஏற்பட்ட குச்சுக் கைனார்ஜா உடன்படிக்கை கருங்கடலை வணிகத்துக்குத் திறந்துவிட்டது. கிரேக்க மாலுமிகள் ரஷ்யக் கொடியின் பாதுகாப்பில் கருங்கடல் தானியத்தை மேற்கு மத்தியதரைக் கடலின் துறைகளுக்கு ஏற்றிச் சென்றனர். நெப்போலியன் காலப் போர்களில் பிரித்தானியக் கடற்படை துறைமுகங்களை அடைத்தபோது, அந்த அடைப்பை மீறிச் சரக்குக் கொண்டுபோனவர்களுக்குக் கிடைத்த ஆதாயம் சாதாரண ஆதாயமன்று. ஹைத்ரா, ஸ்பெட்சஸ், ப்ஸாரா என்னும் மூன்று தீவுகளும் அவ்வாறுதான் செழித்தன. 1821-இல் விடுதலைப் போர் வெடித்தபோது கிரேக்கர்களிடம் அரசுக் கடற்படை கிடையாது. கடற்கொள்ளையருக்கு அஞ்சிப் பீரங்கி ஏற்றியிருந்த இந்த வணிகக் கப்பல்களே கடற்படையாயின. அகமெம்னோன் என்னும் தன் கப்பலோடு நாஃப்பிளியோ முற்றுகையில் நின்ற லஸ்கரினா பூபுலினா இத்தீவின் பெண். அவருடைய சிலை இன்று நிற்கும் இடம் பொசைடோனியன் விடுதியின் முன்னுள்ள சதுக்கம். 1822 செப்டம்பர் 8-ஆம் நாள் நடந்த கடற்போரை நினைந்து ஆண்டுதோறும் செப்டம்பரில் தீவினர் அர்மாட்டா விழா எடுக்கின்றனர். ஒட்டோமான் கொடிக்கப்பலின் மாதிரியைக் கடலில் நிறுத்தித் தீ வைப்பது அதன் உச்சம்.

வெற்றி பெற்ற நாடு தன்னைக் காத்த தீவுகளை வளர்க்கவில்லை. 1822-இல் கியோஸும் 1824-இல் ப்ஸாராவும் அழிந்தபோது அங்கிருந்து தப்பிய வணிகக் குடும்பங்கள் பல சீரோஸ் தீவில் குடியேறின. அவர்கள் எழுப்பிய எர்மூப்போலிஸ் நகரம் ஏஜியன் கடலின் முதன்மைத் துறையாயிற்று. 1834-இல் தலைநகர் ஏதென்ஸுக்கு மாறியதும் பிரேயஸ் துறைமுகம் வளர்ந்தது. அதன்பின் நீராவி வந்தது. பாய்மரக் கப்பலை ஊர்க் காட்டு மரத்தால், ஊர்த் தச்சரைக் கொண்டு, உறவினர் பங்குப் பணத்தில் கட்டிவிடலாம். இரும்பு உடலும் எந்திரமும் கொண்ட கப்பலுக்குப் பெருமுதல், வங்கி, பட்டறை மூன்றும் வேண்டும். மூன்றும் ஸ்பெட்சஸில் இல்லை. கப்பல் உரிமையாளர்கள் பிரேயஸுக்குப் பெயர்ந்தனர், இளைஞர்கள் அதைவிடத் தொலைவுக்குப் போயினர். பழைய துறையில் மரப்படகு கட்டும் பட்டறைகள் மட்டும் தொடர்ந்தன. 1984-இல் டிம் செவெரின் என்னும் எழுத்தாளர் கிரேக்கப் புராண வீரன் ஜேசனின் பயணத்தை மறுபடி செய்து பார்க்க விரும்பியபோது, இருபது துடுப்புகள் கொண்ட ஆர்கோ படகைக் கட்டித்தந்தது இந்தத் தீவின் கைத்திறனே. திறன் அழியவில்லை; அதற்குக் கூலி தரும் வணிகம்தான் அழிந்தது.

அனர்கிரோஸ் பிறந்தது 1849-இல், அந்தச் சரிவின் நடுவே. அவருடைய செல்வத்தின் மூலம் தனியே சொல்லத்தக்கது. ஒட்டோமான் அரசு புகையிலையின் மீது வரியும் ஏகபோகமும் சுமத்தியதால் கிரேக்க உற்பத்தியாளர் பலர் எகிப்துக்குப் பெயர்ந்து, மாசிடோனியா, ஆசியா மைனர் புகையிலையை அங்கே இறக்குமதி செய்து சிகரெட் சுற்றினர். நெஸ்டோர் ஜியனாக்ளிஸ் அவர்களில் முன்னோடி. 1882-இல் பிரித்தானியப் படை எகிப்தில் இறங்கியபின் அதிகாரிகள் வழியாக இந்தச் சிகரெட்டின் புகழ் இலண்டனுக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் பரவியது. எகிப்தில் ஒரு செடிகூட விளையாத புகையிலைக்கு எகிப்தின் பெயர் நிலைத்தது. அந்த மோகத்தை நியூயார்க்கில் தொழிலாக்கியவர்களுள் அனர்கிரோஸ் ஒருவர். 'ஈஜிப்ஷியன் டெய்ட்டீஸ்', 'மொகல்', 'முராத்', 'ஹெல்மார்' முதலிய பெயர்பெற்ற சிகரெட்டுகள் எஸ். அனர்கிரோஸ் நிறுவனத்தின் பெயரில் விற்றன. அந்நிறுவனம் பின்னர் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் கைக்குப் போனது; 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பெருங்கூட்டணியைக் கலைத்தபோது இந்தச் சிகரெட்டுகள் லோரிலார்டுக்கு ஒதுக்கப்பட்டன. நிறுவியவரோ அதற்கு முன்பே பணத்தோடு ஊர் திரும்பியிருந்தார். 1904-இல் தீவில் தமக்கு ஒரு மாளிகை எழுப்பினார்.

திரும்பி வந்த செல்வர் மாளிகை கட்டுவதில் வியப்பில்லை. அத்தோடு நிற்காததே இங்குக் கருதத்தக்கது. அவர் தீவின் நிலத்தில் பெரும்பகுதியை விலைக்கு வாங்கினார். மொட்டையாகிக் கிடந்த குன்றுகளில் அலெப்போ பைன் மரங்களை நட்டார். பண்டைக் காலத்தில் தீவுக்குப் பைன் மரத்தை வைத்தே பெயர் வழங்கியது என்பதைக் கொண்டு, காடு எப்போதும் இருந்தது, அவர் புதிதாக எதுவும் செய்யவில்லை என்று வாதிடுவோர் உண்டு. பழம்பெயர் பழங்காட்டுக்குத்தான் சான்று. கப்பல் கட்டிய நூற்றாண்டுகளின் கோடரிக்குப் பின்னும் அது மிஞ்சியிருந்தது என்பதற்குச் சான்றாகாது. இன்று காணும் காடு அவர் நட்டதே. தீவைச் சுற்றிச் சாலையும் குடிநீருக்கு ஏற்பாடும் செய்தார். விடுதி இந்த வரிசையில் வருவது. நிழல், நீர், பாதை ஆகியவற்றை முதலில் அமைத்துப் பின் வருவோர் தங்க இடம் கட்டியிருக்கிறார் என்றால், அது ஒரு பணக்காரரின் பொழுதுபோக்காக இருக்க முடியாது.

ரிவியேராப் பிரதி என்ற கூற்றை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கான் நகரின் கார்ல்டன், நீஸ் நகரின் நெக்ரெஸ்கோ ஆகிய இரண்டும் இதற்கு முன்மாதிரி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சமச்சீரான நீண்ட முகப்பு, அதன் மேல் எழும் பிரெஞ்சுப் பாணிக் கூரைகள், கடலை நோக்கிய அகன்ற முன்மேடை எல்லாம் அந்த உறவைக் காட்டுகின்றன என்பது உண்மை. கார்ல்டனைப் பொறுத்தவரை இதை ஏற்கலாம். ஆனால் நெக்ரெஸ்கோ திறக்கப்பட்டது 1913 சனவரியில். அடுத்த ஆண்டே விருந்தினரை வரவேற்ற ஒரு பெருங்கட்டடம் அதைப் பார்த்து வரையப்பட்டது என்பது நம்பத்தக்கதன்று. அன்றைய ஐரோப்பிய விடுதிக் கட்டடங்களுக்கெல்லாம் பொதுவாயிருந்த ஒரு பாணியிலிருந்தே இரண்டும் பிறந்தன என்பதே பொருத்தம். அதேபோல இதனைக் கிரீஸின் முதல் உயர்தர விடுதி என்பதும் நிற்காது. ஏதென்ஸில் கிராந்த் பிரெத்தாஞ் 1874 முதல் விடுதியாக நடந்துவந்தது. நியோ ஃபலிரோவின் கடற்கரையில் கட்டடக் கலைஞர் பாவ்லோஸ் கரத்தனாசோபுலோஸ் வரைந்த அக்தயோன் இதற்கு ஒரு பத்தாண்டு மூத்தது. பொசைடோனியனின் சிறப்பு அது நின்ற இடத்தில் இருக்கிறது. அக்தயோனுக்கு ஏதென்ஸ் மக்கள் ரயிலில் வந்தனர். இங்கு வர ஒரு நாளின் பெரும்பகுதியைக் கப்பலில் கழிக்க வேண்டியிருந்த காலத்தில், தலைநகரின் செல்வர்களைச் சிறு தீவுக்கு வரவழைக்க முடியும் என்று ஒருவர் துணிந்து முதலிட்டார்.

அந்தத் துணிவு பலித்ததா என்று கேட்பது நியாயம். திறந்த ஆண்டிலேயே உலகப் போர் மூண்டது. மன்னர் பக்கம், பிரதமர் வெனிசெலோஸ் பக்கம் என நாடு பிளந்தது. 1922-இல் ஆசியா மைனர் பேரழிவு வந்தது. விடுதி தன் நற்காலத்தைப் போர்களுக்கு இடையில் கிடைத்த சில பருவங்களில்தான் கண்டது. ஏதென்ஸின் உயர்குடியினர் கோடையைக் கழிக்க வந்தனர். இதனால் ஊர்க்காரருக்குக் கிடைத்தது பணிவிடை வேலை மட்டுமே, நிலமோ ஒரே கையில் குவிந்தது என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஒரு தனிமனிதர் தீவின் பெரும்பகுதியை உடைமையாக்கிக்கொள்வதை எளிதில் நியாயப்படுத்த முடியாது. ஆயினும் அந்த நிலம் என்னவாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். அனர்கிரோஸ் 1928-இல் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, கெஃபலோனியக் கொடையாளர் மரினோஸ் கோர்கியலேனியோஸ் விட்டுச்சென்ற நிதியும் சேர, ஆங்கிலேய உறைவிடப் பள்ளிகளை ஒட்டிய ஒரு கல்விக்கூடம் தீவில் தொடங்கப்பட்டிருந்தது. காடு அப்பள்ளியின் அறக்கட்டளையிடம் போய்ச் சேர்ந்தது. மனை மனையாகப் பிரித்து விற்கும் உரிமையாளர் இல்லாததால் தீவின் உட்பகுதி இன்றும் பெரும்பாலும் கட்டடமின்றிக் கிடக்கிறது. பிற்காலக் காட்டுத்தீக்கள் பைன் மரங்களில் ஒரு பங்கைக் கொண்டுபோயின, நிலம் துண்டாகவில்லை. 1950-களின் தொடக்கத்தில் அப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த ஜான் ஃபௌல்ஸ், 'தி மேகஸ்' நாவலின் கற்பனைத் தீவை இந்தக் காட்டையும் கடற்கரையையும் கொண்டே படைத்தார். பள்ளி 1983-இல் மூடப்பட்டது.

விடுதி இடிபடாமல் நின்றதற்குச் சட்டம் காரணமன்று. கிரேக்கத் தொல்லியல் சட்டங்கள் நெடுங்காலம் 1830-க்கு முந்தையவற்றையே தாமாகக் காத்தன. அதற்குப் பிந்தைய கட்டடங்களுக்கென 1950-இல் 1469 எண்ணுள்ள சட்டம் வந்தபோதும், ஒவ்வொன்றையும் தனி ஆணையால் அறிவிக்க வேண்டியிருந்தது. நில உரிமையாளர் மனையைக் கட்டுநரிடம் தந்து பதிலுக்கு அடுக்குமாடி வீடுகளைப் பெறும் முறை 1950-களிலும் 60-களிலும் ஏதென்ஸின் பழைய வீடுகளை ஆயிரக்கணக்கில் விழுங்கியது. அக்தயோனும் இடிக்கப்பட்டது. அரசின் சுற்றுலா நிறுவனமோ அந்நாளில் அரிஸ் கொன்ஸ்தந்தினிதிஸ் போன்றோரின் கையால் நாடெங்கும் 'க்ஸெனியா' என்னும் புத்தம் புது விடுதிகளைக் கட்டிக்கொண்டிருந்தது. பழையவற்றின் மேல் அதற்கு நாட்டமில்லை. 1975-க்குப் பிறகே அந்நிறுவனம் மனம் மாறி, சந்தோரினியின் இயா, கியோஸின் மெஸ்தா, மானியின் வாத்தியா முதலிய ஊர்களில் பழைய வீடுகளைத் தங்குமிடங்களாக்கியது. ஸ்பெட்சஸ் தப்பியது, தனியார் கார்கள் பொதுவாக அனுமதிக்கப்படாத, மனை நெருக்கடி இல்லாத தீவாக அது இருந்ததால். வணிகம் கைவிட்ட ஊரில் இடிப்பதற்கும் யாரும் முதலிட மாட்டார்கள்.

2004-இல் தொடங்கிய புதுப்பிப்பை இதே அளவுகோலால் மதிப்பிட வேண்டும். முகப்பையும் பொதுக்கூடங்களையும் பழைய தோற்றத்தில் மீட்டு, இன்றைய தேவைகளுக்கான நீச்சல்குளத்தையும் கூடுதல் அறைகளையும் பின்புறத்தில் வைத்தது சரியான முடிவு; கடலிலிருந்து பார்ப்பவருக்கு ஊரின் விளிம்பு 1914-இல் இருந்தபடியே தெரிகிறது. அதனினும் முக்கியம், கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றாதது. அருங்காட்சியகமாகவோ அலுவலகமாகவோ ஆக்கியிருந்தால் சுவர்கள் பிழைத்திருக்கும், கட்டியவரின் நோக்கம் போயிருக்கும். அரசு செலவிட்டுச் செப்பனிட்ட வாத்தியாவின் கோபுர வீடுகள், நடத்துவோரின்றிப் பின்னர் மூடப்பட்டதை இதனோடு ஒப்பிடலாம். உயர்கட்டண விடுதியாகவே திறந்ததால் சாதாரணப் பயணிக்கு இது எட்டாது என்ற குறை உண்டு. குறை உண்மையானது. ஆனால் இது தொடக்கத்திலும் எளியவருக்கான விடுதியாக இருந்ததில்லை. வெளியூர்ச் செல்வத்தைத் தீவுக்குள் கொண்டுவருவதே இதன் வேலை, அந்த வேலையைத்தான் இப்போதும் செய்கிறது.

2010-இல் கிரீஸின் இளவரசர் நிக்கோலாஸின் திருமணம் இத்தீவில் நடந்தது. 2011 முதல் பழைய பாய்மரப் படகுகளின் பந்தயமும் ஓட்டப்போட்டியும் நடைபெறுகின்றன. ஸ்பெட்சஸுக்குச் செல்வோர் விடுதியின் முன்மேடையோடு திரும்பிவிடாமல், கரையோரமாகவே மேற்கே நடந்து பள்ளி வளாகத்தையும் அதன் பின்னுள்ள பைன் காட்டையும் பார்த்து வர வேண்டும். மூன்றிலும் ஒரே மனிதரின் பணம் இருக்கிறது.