ஐதராபாத்தின் வாரச் செய்திகளில் தொழிற்சொற்கள்: ஒரு வரலாற்று நோக்கு

வணிகம், வேலைவாய்ப்பு, தொழில்நுட்பம் ஆகிய மூன்று துறைச் செய்திகளைத் தொகுத்தளிக்கும் வார வெளியீடுகளைப் படிப்போருள் பலர் பிழைப்புத் தேடுவோர். ஆதலின், இங்கு ஒரு சொல் பிறழினும் விண்ணப்பிக்கும் வாய்ப்பே தவறிவிடக்கூடும். உருது, தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் ஆகியன ஒருங்கே வழங்கும் ஐதராபாத், இத்துறைச் சொற்களின் வரலாற்றை ஆராய்வதற்குத் தக்க களமாகும்.

இந்நகரில் கலைச்சொல்லாக்கம் ஒரு நிறுவனப் பணியாக அமைந்தது 1917இல் எனலாம். அவ்வாண்டு நிறுவப்பட்ட மொழிபெயர்ப்புத் துறையாகிய தார்-உல்-தர்ஜுமா, 1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகத்திற்கென உருது மொழியில் பாடநூல்களையும் கலைச்சொற்களையும் உருவாக்கியது. 1948க்குப் பின் உருது பயிற்றுமொழி நிலையை இழந்தது. 1956இல் ஆந்திரப் பிரதேசம் அமைந்தபின் தெலுங்கு முதன்மை பெற்றது; 1966இல் ஆட்சிமொழிச் சட்டமும், 1968இல் தெலுங்கு அகாதமியும் தோன்றின. இவ்வாறு, ஒரே நகரில் அரபு-பாரசீக வேர்களைச் சார்ந்த சொற்றொகுதியும் வடமொழி வேர்களைச் சார்ந்த சொற்றொகுதியும் அடுத்தடுத்து நிலைபெற்றன.

1959ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பகச் சட்டம், காலியிடங்களை அறிவித்தலைக் கட்டாயமாக்கியது. 1976இல் மைய அரசு ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மொழிகளில் வேலைவாய்ப்பு வார இதழைத் தொடங்கியது. இந்தி, உருது இரண்டிலும் அதன் பெயர் 'ரோஜ்கார் சமாசார்' என்பதே. 'ரோஜ்கார்' பாரசீகம், 'சமாசார்' வடமொழி. 'ரோஜ்கார்' பாரசீகத்தில் காலம் என்றும் பொருள்படும். தமிழில் 'வேலை' என்னும் சொல்லும் பொழுது என்னும் பொருளுடையதாதல் ஒப்புநோக்கத்தக்கது.

மொழிபெயர்ப்பாளரை மயக்குவன பொதுச்சொற்களே. தெலுங்கில் 'உத்யோகம்' பணியைக் குறிக்கும். தமிழ் 'உத்தியோகம்' அதனோடு ஒக்கும். இந்தியிலோ 'உத்யோக்' தொழில்துறையாகும். தெலுங்கில் தொழில்துறையைக் குறிக்கும் 'பரிஸ்ரம', இந்தியில் கடும் உழைப்பையே சுட்டும். எனவே, 'பரிஸ்ரமல சாகலோ உத்யோகாலு' என்னும் தெலுங்குத் தலைப்பு தொழில்துறை அலுவலகத்தில் பணியிடங்கள் எனப் பொருள்தர, இந்தியில் அவ்வலுவலகமே 'உத்யோக் விபாக்' எனப்படுகிறது.

பிழைப்பு என்னும் பொருளில் தெலுங்கில் வழங்கும் 'உபாதி', இந்தியில் பட்டம். தமிழரோ அதனை உடல்துன்பம் குறிக்கும் 'உபாதை'யோடு இயைத்துக் கேட்பர். தெலுங்கில் தொழில்நுட்பத்தைச் சார்ந்த 'சாங்கேதிக', இந்தியில் குறியீட்டுப் பொருளது. தமிழில் 'சங்கேதம்' மறைகுறிப்பாகும்.

1998இல் ஐதராபாத்தில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபோது மற்றொரு போக்கு புலப்பட்டது. 'ஹைடெக் சிட்டி' என்னும் பெயர் மொழிபெயர்க்கப்படாமலே தெலுங்கிலும் உருதுவிலும் வழங்கலாயிற்று. பொதுவான வடசொல் பொருள்மயக்கம் தரும் இடத்தில் பொதுவான ஆங்கிலச் சொல் மயக்கந் தராமை இதற்குத் துணைசெய்தது எனக் கருதலாம்.

தமிழின் நிலை வேறு. 'தொழில்' என்னும் ஒரே சொல், தொழிலதிபர், தொழிலாளர், தொழில்நுட்பம் என மூன்று துறைகளிலும் அடியாக நின்று உறவை வெளிப்படுத்துகிறது. எனினும், 'தொழில் செய்திகள்' என்ற தலைப்பு வணிகத்தையோ பணியிடத்தையோ சுட்டுவதை இடம் நோக்கியே உணர வேண்டியுள்ளது. ஆதலின், அண்டை மொழிகளில் ஒலி ஒத்துப் பொருள் வேறுபடும் சொற்களைத் துறைவாரியாகத் தொகுக்கும் ஒப்பீட்டகராதி ஒன்று மொழிபெயர்ப்பாளர்க்கு உடனடித் தேவையாகும். அதன் பயன் இறுதியில் சென்றடைவது வேலை நாடுவோரையே.