தலை ஒன்று, வேலை மூன்று

இந்த வாரம் ஆபீஸில் ஆணி கொஞ்சம் குறைவு. அதனால் ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் ஒன்று. இங்கே புனேயில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர்கள் சிலர் உண்டு. அவர்கள் மேஜையில் எப்போதும் மூன்று நான்கு வன்தட்டுகள் இருக்கும். இடம் பத்தாமல் வாங்கியவை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதிக்குப் பெரிய கதை இருக்கிறது.

வன்தட்டை கிராமபோன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு சுற்றும், அதன்மேல் ஒரு கை நகரும், கையின் நுனியில் படிக்கும் தலை. 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. கை மேலும் கீழும் ஏறி இறங்கித் தேடும். ஒன்றை எடுக்கச் சராசரியாக அரை நொடிக்கு மேல் ஆனது. பிற்பாடு ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனித் தலை வந்தாலும், எல்லாம் சேர்ந்தேதான் நகரும். ஒரு மூலையில் எழுதிக்கொண்டே இன்னொரு மூலையில் படிக்க முடியாது.

எடிட்டிங் என்பதே அங்கும் இங்கும் தாவுகிற வேலை. 1971-ல் சிபிஎஸ்ஸும் மெமோரெக்ஸும் சேர்ந்து சிஎம்எக்ஸ் 600 என்ற எந்திரத்தைச் செய்தார்கள். வாஷிங் மெஷின் அளவு டிஸ்க் டிரைவ்கள் பல வைத்தும், அரை மணி நேரக் கறுப்பு வெள்ளைப் படம்தான் அதில் அடங்கியது. 1984-ல் வந்த மாண்டாஜ் பிக்சர் பிராசசர் இன்னும் வேடிக்கை. 17 பீட்டாமேக்ஸ் டெக்குகள், எல்லாவற்றிலும் ஒரே காட்சிகளின் நகல். ஒன்று ஓடும்போதே இன்னொன்று அடுத்த ஷாட்டைத் தேடிப்பிடித்துத் தயாராக நிற்கும். பந்தியில் சோற்றுக்கு ஒருவர், சாம்பாருக்கு ஒருவர் என்று ஆள் போடுவதில்லையா, அதே யோசனைதான்.

1995-ல் டிவி ஃபார்மட் வந்தபின் இந்தத் தலைவலி வீட்டுக்குள்ளும் வந்தது. மினிடிவி டேப்பிலிருந்து நொடிக்குச் சுமார் 3.6 மெகாபைட் வரும்; ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிகாபைட். இது ஒரே வன்தட்டுக்குக்கூடப் பெரிய வேகம் இல்லை. ஆனால் அதே தட்டில்தான் விண்டோஸும் அதன் பேஜ் ஃபைலும் இருக்கும். தலை அங்கே ஒரு முறை போய்வர பத்துப் பன்னிரண்டு மில்லி நொடி. நொடிக்கு ஐம்பது முறை அலைந்தால் பாதி நொடி அலைச்சலிலேயே போய்விடும். கேமராவில் ஓடும் டேப் நமக்காகக் காத்திருக்காது. ஃப்ரேம் விழுந்துவிடும்.

எங்கள் பேச்சிலர் வீட்டில் 2004 வாக்கில் ஒரு பெண்டியம் 4 இருந்தது. விண்டோஸ் ஒரு தட்டில், டேப்பிலிருந்து இறக்கியது இரண்டாவதில் என்று பிரித்ததும் ஃப்ரேம் விழுவது நின்றது. இரண்டையும் ஒரே ஐடிஇ கேபிளில் மாட்டாமல் தனித்தனிக் கேபிளில் மாட்டினோம். ஒரே கேபிளில் இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசும்.

இதற்கு அடுத்த படி, ஒரே ஃபைலைத் துண்டு துண்டாக்கிப் பல தட்டுகளில் ஒரே சமயத்தில் எழுதுவது. 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்ட் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். விலை மலிவான சின்னத் தட்டுகளைச் சேர்த்தால் பெரிய தட்டை மிஞ்சலாம் என்றார்கள். கூடவே ஒரு எச்சரிக்கையும்: தட்டுகள் கூடக்கூட ஏதோ ஒன்று சாகும் வாய்ப்பும் கூடும், அதனால் உபரி நகல் அவசியம். ரெய்ட் என்ற பெயரின் முதல் எழுத்தே அந்த உபரியைத்தான் குறிக்கிறது. அவர்கள் சொன்ன நிலைகள் 1 முதல் 5 வரை. உபரியே இல்லாத ரெய்ட் 0 அந்தப் பட்டியலில் கிடையாது.

எடிட்டர்கள் பலர் ஆசையாகப் பிடித்துக்கொண்டது அந்த 0-வைத்தான். வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் இரண்டில் ஒன்று போனாலும் எல்லாம் போச்சு. எனக்குத் தெரிந்த ஒருவரிடம் அப்படி ஒரு முகூர்த்தம் முழுசும் போனது. டேப்பை ஏற்கெனவே அழித்து மறுபடி பயன்படுத்தியிருந்தார். அந்தக் கல்யாணத்தைத் திரும்ப நடத்த முடியுமா?

இன்றைய எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, அலையும் தலையும் இல்லை. நல்லதாக ஒன்று இருந்தாலே வீட்டு வீடியோ எடிட்டிங் தாராளமாக ஓடும். வேகத்துக்காக நாலு தட்டு மாட்டும் காலம் நம்மைப் போன்றவர்களுக்கு முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் பெர்க்லிக்காரர்கள் சொன்ன அந்த இன்னொரு பாதி முடியவில்லை. எஸ்எஸ்டியும் சாகும், வன்தட்டு மாதிரி கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்காமல் சாகும்.

அதனால் இரண்டாவது தட்டை வாங்குங்கள், அதைத் தனியாக வையுங்கள். எங்கள் வீட்டு வீடியோக்கள் ஒரு தட்டில் புனேயில் இருக்கின்றன, இன்னொன்றில் ஊரில் அம்மாவின் பீரோவில். ஒவ்வொரு பொங்கலுக்கும் போகும்போது அந்த வருடத்தியதை அதில் ஏற்றிவிட்டு வருகிறேன்.