செம்பைச் சுரண்டிய கதை

ஒரகடத்துக்குப் பக்கத்தில் சேரப்பணஞ்சேரி. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இந்தச் சாலையில் கம்பெனி பஸ்தான் நிறைய. ஸ்ரீபெரும்புதூரில் 2006 ஜனவரியில் நோக்கியா போன் செய்ய ஆரம்பித்தது; 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. லைனில் ஒரு இடத்தில் நிற்பவருக்கு அந்த ஒரு வேலை தெரிந்தால் போதும். போர்டு எங்கிருந்து வருது, எப்படி உருவாகுதுன்னு யாரும் சொல்லித்தர மாட்டாங்க.

அந்தப் போர்டுக்கு ஒரு அகதியின் கதை உண்டு. வியன்னாவில் பிறந்த யூதரான பால் ஐஸ்லர், 1936இல் லண்டனுக்குப் போனார். தகட்டில் ஒட்டிய செம்பைத் தேவையான பாதை மட்டும் விட்டு மீதியை அரித்தெடுத்தால் கம்பியே வேண்டாம் என்று ஒரு ரேடியோ செய்து காட்டினார். இன்றைக்கும் தத்துவம் அதுதான். வீட்டில் செய்பவர்கள் ஃபெர்ரிக் குளோரைடில் ஊறவைப்பார்கள். கறை சட்டையை விட்டுப் போகாது, கழிவைச் சாக்கடையில் கொட்டவும் கூடாது.

அமிலமில்லாத வழி, சின்ன மில்லிங் இயந்திரத்தால் செம்பைச் சுரண்டுவது. 1998இல் எம்ஐடியில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் 'ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி' என்று ஒரு வகுப்பு தொடங்கினார். அங்கிருந்து வளர்ந்த ஃபேப் லேப், 2002இல் புனே அருகே பாபல் கிராமத்துக்கு வந்தது. கல்பாக் 1983இல் தொடங்கிய விஞ்ஞான ஆசிரமம் அதற்கு இடம் கொடுத்தது. மேசைமேல் வைக்கிற மில்லிங் இயந்திரமும் ஃபேப் லேப் சாமான்களில் ஒன்று.

அந்தப் பட்டறைகள் பழகிய தேர்வுகள் நமக்கும் உதவும். போர்டு எஃப்ஆர்1, அதாவது காகிதமும் பிசினும் சேர்ந்தது. எஃப்ஆர்4இல் கண்ணாடி இழை. அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, பிட்டும் சீக்கிரம் மழுங்கும். தடத்துக்கு 0.4 மி.மீ. எண்ட் மில் அல்லது வி-பிட், துளைக்கு 0.8 மி.மீ. கார்பைடு டிரில். செம்பின் தடிமன் வழக்கமாக 35 மைக்ரான்தான். போர்டு 0.1 மி.மீ. வளைந்திருந்தாலே ஒரு பக்கம் ஆழமா வெட்டும், மறுபக்கம் தொடவே தொடாது. அதனால் அடியில் பலகையைச் சீவிச் சமன் செய்து, இரட்டைப்பக்க டேப்பால் அழுத்தி ஒட்டணும். மாஸ்க்கும் கண்ணாடியும் முதல் செலவு.

ரிச்சி தெருவுக்குப் போய்வர ஒரு நாள் லீவு போதும். லைனில் நிற்கிற தம்பியோ தங்கச்சியோ முதல் போர்டை வெட்டி, துளை போட்டு, சால்டர் வைத்து எல்.இ.டி.யை எரியவிட்டால், அந்த வேலையில் முதலும் முடிவும் அவங்களுக்குத் தெரியும். கம்பெனி மூடினாலும் அது கூடவே வரும்.